பேண்டேஜ் துணி வெளிச்சம்

என் வீட்டுக்காரர் காலமான பிறகு பெட்டியிலிருந்து எடுத்த என் பழைய போட்டோவை, இன்று காலை போட்டோ பிடிக்கிறவர்களின் இந்த முகநூல் குழுவில் போட்டேன். தொண்ணூறுகளில் அவர் எடுத்தது. எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோக்காரர் இதைப் பார்த்து, "என்னய்யா, பாதி மூஞ்சி இருட்டுல கெடக்கு? லைட்டை நேரா மூஞ்சில அடிக்கணும்யா" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் வைத்த என் வீட்டுக்காரர், பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை.

இன்று முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "அந்தப் பாதி நிழல்தாம்மா அழகே. எங்கிட்ட இருக்கிற எந்த லைட்டுலயும் இப்படி வராது. இது என்ன லைட்டும்மா?"

"லைட்டே இல்ல தாயி. அவிய ராஜபாளையம் பக்கம் தறியில பேண்டேஜ் துணி நெஞ்சவிய. காயத்துக்குக் கட்டுற அந்தத் துணியை வெயில் வாற ஜன்னல்ல மடிச்சுக் கட்டிட்டு, 'செத்த நேரம் ஆடாதட்டி'ன்னாவ" என்று பதில் போட்டேன்.

பிறகு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கறுத்த கன்னத்தில் வெளிச்சம் பால் மாதிரி படிந்திருக்கிறது. இது நானா என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

குறையோ நிறையோ, நீங்களும் எழுதுங்கள். மாலை போட்ட அவர் படத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டுகிறேன். பாவம், அந்தப் படத்தில் லைட்டை நேராக மூஞ்சியில்தான் அடித்திருக்கிறார்கள்.