இரண்டாம் பாட்டின் கீறல்

காபிக் கடையில் நானும் என் டீமில் வேலைசெய்யும் காவ்யாவும் இருந்தோம். கடை ரெக்கார்டு பிளேயரில் டிஸ்கோ காலத்து ஆல்பம் ஒன்று ஓடியது. பாடியவர் ஒரு கறுப்பினப் பாடகி. அதே இசைத்தட்டு நான் வளர்ந்த ஸ்ரீராம்புரத்து வீட்டில் எங்களிடம் இருந்தது.

குப்பை வண்டி தள்ளிய அப்பாவுக்கு, கண்டோன்மென்ட் பக்கம் வீட்டைக் காலிசெய்த ஒருவர் பிளேயரோடு சும்மா கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வாசத்தோடு அது பாடும். இரண்டாம் பாட்டில் ஒரு கீறல். முள் அங்கேயே தத்திக்கொண்டிருக்கும். அப்பா முள்ளின் தலைமேல் நாலணாக் காசை வைப்பார். பாட்டு தாண்டிப் போகும்.

“இன்னாண்ணா, அந்தம்மா இன்னிக்கும் மாட்டிக்கிச்சா?” என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்.

“காசு குடுத்து கூட்டினு வந்துட்டேன்டா!” என்பார் அப்பா.

கடையில் அந்த இடம் வந்ததும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பாட்டு தடையில்லாமல் ஓடியது. நான் கூடவே முணுமுணுத்தேன்.

“உனக்கு எப்டி இதெல்லாம் தெரியும்?” என்றாள் காவ்யா.

“அப்பா வீட்ல போடுவாரு.”

“ரெக்கார்டா? செம காஸ்ட்லியாச்சே! அப்பா என்ன பண்றாரு?”

“பிசினஸ்.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அங்கே படித்த இங்கிலீஷ் சொல்லிலேயே பொய் சொன்னேன். அந்தப் பாட்டுக்காக அப்பா செலவழித்தது மொத்தமே அந்த நாலணா.