கயாம் ஒலியில் ஆடிய காவடி

இதை எழுதலாமா, விடலாமா என்று பல வருடம் யோசித்தேன். கோயில் விஷயம், குறை பிடிப்பார்களோ என்ற பயம். இப்போது ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சுவிஸ் நாட்டின் சூக் நகரில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். ஒருத்தி இந்து சமுத்திரத்து ரியூனியன் தீவுக்காரி, மற்றவள் கென்யாக் கடற்கரைக்காரி. ஒருநாள் இடைவேளையில் தீவுக்காரி தட்டையான வாத்தியம் ஒன்றைக் காட்டினாள். கரும்புப் பூத்தண்டுகளைப் பாய்போல வரிந்து கட்டி, உள்ளே விதைகள் போட்டது. பெயர் கயாம். அசைத்தால் சுளகில் அரிசி கொழிக்கிற சத்தம்.

கென்யாக்காரி அதை வாங்கி, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே அதேமாதிரி அசைத்தாள். அவள் ஊரிலும் அது உண்டாம், நாணலில் செய்வார்களாம். ஆபிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட சனம், வெறுங்கையோடு தீவுக்குப் போய், கரும்புத் தோட்டத்தில் அதை மறுபடி செய்திருக்கிறது. எனக்குப் புல்லரித்தது.

அந்தக் கோடையில் எங்கள் கோயிலில் தேர்த்திருவிழா. இதய ஒப்பரேஷனில் பிழைத்ததற்கு என் கணவர் காவடி எடுப்பதாக நேர்த்தி. தோளில் ஏற்றினால் வீதி சுற்றி ஆடி முடிக்காமல் இறக்கக்கூடாது. ஏற்றியும்விட்டோம். அப்போதுதான் போன் வந்தது, மேளகாரர் கொத்தார்ட் மலைச் சுரங்கப்பாதை வாசலில் வாகன நெரிசலில் நிற்கிறார்களாம்.

"மேளமில்லாமல் கால் எழும்பாது. இறக்கவும் ஏலாது," என்றார் இவர்.

திருவிழா பார்க்க அந்த இருவரும் வந்திருந்தார்கள். மாலையில் நகரத்து விழாவில் வாசிப்பதற்காகக் கயாம் பையிலேயே இருந்தது. நாங்கள் வாசிக்கட்டுமா என்று ஜெர்மனில் கேட்டார்கள்.

கோயில் பொறுப்பாளர் அண்ணை தடுத்தார். "தங்கச்சி, உது கோயில் வாத்தியமோ?"

"அண்ணை, போன வருசம் ஸ்பீக்கர் கட்டினனீங்கள். அது மட்டும் கோயில் வாத்தியமோ?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, சப்பாத்தைக் கழட்டச் சொல்லு."

தீவுக்காரி கயாமை அசைத்தாள், கென்யாக்காரி கைதட்டி இடை நிரப்பினாள். மூன்று மூன்றாக விழும் நடை. எங்கள் காவடிச் சிந்தும் அந்த நடைதானே. இவரின் கால் தானாக எழும்பியது. சனம் அரோகரா போட, பிள்ளைகள் தாளம் போட, வீதி முழுக்க ஆடி முடித்துத்தான் காவடியை இறக்கினார்.

"உவைக்கு எங்கட அடி எப்பிடித் தெரியும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"இஞ்சேரப்பா, அது அவையின்ர அடி. நீங்கள்தான் அதுக்கு ஆடினனீங்கள்."

இன்று சிலர், அம்மன் கறுத்த பெண்ணாக வந்து வாசித்தாள் என்று கதைக்கிறார்கள். வந்தது என்னோடு துணி மடிக்கும் இரண்டு பெண்கள். வரவைத்தது முருகன், அது என் நம்பிக்கை. யாருக்காவது சொல்வதென்றால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அந்தக் கயாமைச் செய்த சனத்தையும் விட்டுவிடாதீர்கள்.