கூட்டத்துக்கு ஒரு தலைவர்

பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியொன்றில் ஒரு வணிகக் கல்லூரி இருந்தது. கல்லூரி என்பது வாசல் பலகையில் எழுதியிருந்த பெயர். உள்ளே மூன்று அறைகள், சில பழைய டைப்ரைட்டர்கள், சுருக்கெழுத்துக் கற்க ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வரும் வாலிபர்கள். நான் அங்கேயே படித்து அங்கேயே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை, ஏதாவது ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆகிவிட வேண்டும். எனக்கு அது போதவில்லை. விரல் மட்டும் ஓடுகிறது, மூளை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறதே என்று ஓர் எரிச்சல். அதனால் சனிக்கிழமை மாலைகளில், யந்திரங்களுக்கு உறை போட்ட பிறகு, ஒரு வாசகர் வட்டம் தொடங்கினேன்.

நாவல்கள் சென்னையிலிருந்து கப்பலில் வரும். ஒரே பிரதிதான். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம், அத்தியாயம் முடிந்ததும் சண்டை. கீழே சீனன் கடையிலிருந்து கோப்பி வரும்வரை சண்டை, வந்த பிறகும் சண்டை. ஏழெட்டுப் பேர்தான். தலைவர் கிடையாது, வரவேற்புரை கிடையாது. "தந்தி வாசிக்கிற மாதிரி வாசிக்கிறியேடா, கொஞ்சம் மூச்சு விடுலா" என்று எவனாவது சொல்வான். அதுவே எங்களுக்குப் பாராட்டுரை.

கிள்ளானிலிருந்து ஒருவர் கணக்குப்பதிவு படிக்க ரயிலில் வருவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அவருடைய தங்கையும் சில மாதங்களில் கூட வர ஆரம்பித்தார். அண்ணன் வராந்தாவில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பார். தங்கை கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். வெகுநாள் வாய் திறக்கவில்லை. எங்களுக்கும், உண்மையைச் சொன்னால், அவர் இருப்பது மறந்தே போயிற்று.

அந்தச் சமயம் நாங்கள் படித்த நாவலில் ஒரு படித்த பெண் வருவாள். கல்யாணம், மாமியார், சந்தேகம், கடைசி அத்தியாயத்தில் கிணறு. படித்து முடித்தபோது ஒருவன் மூக்கைச் சிந்தினான். அப்போதுதான் கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பொண்ணு ஏன் கெணத்துல விழுந்தா?"

"மனசு ஒடஞ்சி போச்சி, டீச்சர்" என்றேன்.

"இல்ல தம்பி. கதை எழுதினவருக்கு அவள வெச்சிக்கிட்டு என்ன செய்யிறதுன்னு தெரியல. பாதிக் கதைக்கு மேல அவ வாயே தொறக்கல, பாத்தீங்களா? பேச விடாம வெச்சிருந்தாரு, அப்புறம் புடிச்சித் தள்ளிட்டாரு."

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். புகுந்த வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு அவள் "சரி" என்கிறாள், "சாப்பிட வாருங்கள்" என்கிறாள். வேறு ஒன்றுமே இல்லை. இத்தனை பேர் இத்தனை வாரம் படித்தோம், ஒருவன் கண்ணிலும் அது படவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்றது. வாசகர் வட்டம் என்று எதை நினைத்துத் தொடங்கினேனோ, அது அன்றுதான் நடந்தது.

"இத ஒரு பேச்சா எழுதுங்க டீச்சர். வட்டத்துக்கு வருஷம் ஆகப்போவுது, அன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டுப் பேசலாம்" என்றேன்.

"எழுதறேன். ஆனா நீங்க யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது. நான்தான் பேசணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களத் தவிர யாரும் நான் பேசிக் கேட்டதில்ல."

கல்லூரி பிரின்சிபாலிடம் பெரிய அறையைக் கேட்கப் போனேன்.

"ஆண்டு விழாவா? பேஷ். தலைவர் யாரு?"

"தலைவர் வேணாம் சார். டீச்சர் பேசுவாங்க, நாங்க கேப்போம்."

"தலைவர் இல்லாத கூட்டத்துக்கு இடம் கெடையாதுப்பா. நாளைக்குப் போலீஸ்காரன் வந்து யாருய்யா பொறுப்புன்னு கேட்டா நாவலக் காட்டுவியா?"

சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் பெரிய கிராணியாக இருந்த ஒருவரைப் பிரின்சிபாலே பிடித்துக் கொடுத்தார். நம்மவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. தலைவர் என்று ஒருவர் வந்துவிட்டால் அவர் பின்னால் ஓர் ஊர்வலமே வரும். அவரை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், வரவேற்க ஒருவர், மாலை போட ஒருவர், வாழ்த்துப்பா பாட ஒருவர், நன்றி சொல்ல ஒருவர். என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே வாரத்தில் உத்தியோகஸ்தர்களாகிவிட்டார்கள். தந்தி வாசிக்கிறவன் பொருளாளர். நான் காரியதரிசி. உறுப்பினர் என்று எஞ்சியது டீச்சர் ஒருவர்தான்.

நிகழ்ச்சி நிரல் போட உட்கார்ந்தபோது பொருளாளர் சொன்னான்: "பொம்பள பேச்சு கடைசில இருக்கட்டும்லா. மொதல்ல வெச்சா அதக் கேட்டுட்டு எல்லாரும் எந்திரிச்சிப் போயிடுவானுங்க."

"அவங்க ஆறரை ரயிலப் புடிக்கணும்டா."

"நாலு மணிக்கு ஆரம்பிக்கிறோம். ஆறுக்குள்ள முடியாதா? நீ ஏன்டா எப்பப் பாத்தாலும் பறக்கிற?"

நான் கத்தினேன். வாக்கெடுத்தார்கள். தோற்றேன்.

விழாவன்று வந்து பார்த்தால், டீச்சர் படியருகில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நிற்கிறார். வாசலில் ஒரு பெண் நின்றால் லட்சணமாக இருக்கும் என்று யாரோ கொடுத்திருக்கிறார்கள். இருந்த ஒரே பெண் அவர்தானே.

"நான் வேதக்காரி தம்பி, சர்ச்சுக்குப் போறவ. பன்னீர எந்தக் கையால தெளிக்கணும்னுகூடத் தெரியாது" என்று சிரித்தார். பேச்சு எழுதிய தாள்களை நாலாக மடித்து இடது கையில் வைத்திருந்தார். சந்தனம் படாமல் கையைத் தூக்கியே பிடித்திருந்தார்.

நாலு மணிக் கூட்டம் பெரிய கிராணியார் வரும்வரை தொடங்கவில்லை. பிறகு தொடங்கியது. முன்மொழிந்தவர் தலைவரின் வம்சத்தைச் சொன்னார். வழிமொழிந்தவர் அதில் விட்டுப்போனதைச் சொன்னார். வாழ்த்துப்பா பாடியவர் பாடலைத் திருப்பியும் பாடினார். பேச எழுந்த ஒவ்வொருவரும் தமக்குப் பேச ஒன்றுமில்லை என்று ஆரம்பித்து அதை விரிவாக விளக்கினார். ஐந்தரைக்கு நான் ஒரு துண்டுச் சீட்டில், டீச்சர் ரயிலுக்குப் போக வேண்டும், இப்போதே அழைக்கவும் என்று எழுதித் தலைவரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிப் படித்தார். அன்போடு தலையை ஆட்டினார். சீட்டைப் பூஞ்சாடிக்கு அடியில் வைத்துவிட்டுத் தம் தலைமையுரையைத் தொடங்கினார்.

அவர் நாவலைப் படிக்கவில்லை. கதைச் சுருக்கத்தைப் பொருளாளர் படியேறும்போது சொல்லியிருக்கிறான். அது போதுமாக இருந்தது அவருக்கு.

"அந்தப் பெண் கிணத்திலே விழுந்தாளே, ஏன்? யோசிச்சிப் பாருங்க. படிச்சா, விழுந்தா. படிக்காத பெண் எவளாவது அப்படி விழுறாளா?"

முன்வரிசை சிரித்தது. கதவோரத்தில் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாள்களைப் பிரித்து மடியில் நீவி விட்டார். அடுத்த நிமிஷம் கூப்பிட்டிருந்தால் அந்த அறையைப் பிளந்திருப்பார். எனக்கு அது நிச்சயம். நான் மேடையோரம் போய், "ஐயா, டீச்சர்…" என்றேன். ஒரு கையால் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பெண்களின் பொறுமைக்குப் போனார். பொறுமையிலிருந்து சமையலுக்குப் போனார்.

வராந்தாவில் அண்ணன் சுருட்டை அணைத்தார். கடிகாரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தங்கைக்குக் காட்டினார். டீச்சர் இன்னும் கொஞ்சம் என்று விரலால் சைகை காட்டினார். அண்ணன் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கத் தொடங்கினார். டீச்சர் எழுந்தார். தாள்களை மடித்தார். நாற்காலியைச் சத்தம் போடாமல் நகர்த்திவிட்டுப் போனார்.

தலைவர் அதைப் பார்த்துவிட்டார். "பேச வேண்டிய சகோதரி கூச்சப்பட்டு எழுந்து போறாங்க. போகட்டும். அதுவும் நம்ம பெண்களுக்கு ஓர் அழகுதான்."

கை தட்டினார்கள். என் நண்பர்களும்தான்.

நான் படியில் ஓடினேன். கீழே ரிக்ஷா கிளம்பிவிட்டது. திரும்பி மேலே வந்தபோது நன்றியுரை. பேசிய எல்லோருக்கும் நன்றி, பேசாதவருக்கும் நன்றி.

மறுவாரம் கிள்ளானுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயில் ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். டீச்சர் வாசற்படியில் நின்றார்.

"அந்தத் தாள்களக் குடுங்க டீச்சர். இந்தச் சனிக்கிழமை நான் எல்லார் முன்னாலயும் படிக்கிறேன். உங்க பேரச் சொல்லியே படிக்கிறேன்."

"நீங்க படிச்சா அது உங்க பேச்சாயிடும் தம்பி. நல்லாக் கை தட்டுவாங்க."

"அப்ப நீங்களே வாங்க. தலைவரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பழையபடி நாம மட்டும்."

"அண்ணன் இனிமே கூட்டிட்டு வரமாட்டாரு. பத்திரிகையப் பாத்தீங்கல்ல? சகோதரி ஒருவர் சந்தனம் வழங்கி உபசரித்தார்னு போட்டிருக்கு. எங்க பள்ளிக்கூடத்துல என்னப் பாத்தாலே சந்தனம் இருக்கான்னு கேக்கிறாங்க."

"அது நான் எழுதிக் குடுத்ததில்ல, டீச்சர்."

"தெரியும். நீங்க எழுதியிருந்தா நல்லா எழுதியிருப்பீங்க." உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை வட்டத்தில், கிள்ளானில் நடந்ததைச் சொன்னேன். பாவம் என்றார்கள். பிறகு அடுத்த விழாவுக்கு யாரைத் தலைவராகப் போடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். காரியதரிசிப் பதவி எனக்கு வேண்டாம் என்று எழுந்துகொண்டேன். யாரும் தடுக்கவில்லை. அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டு அன்று முழுவதும் வாதம் நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அடுத்து எந்தப் புத்தகம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லையாம்.