பதினோரு பேரின் இரண்டு மைல் ஓட்டம்

எண்பதுகளின் தொடக்கம். நன்னிலம் பக்கம் கூலித் தகராறு ஒருவழியாக ஓய்ந்து, நடவு மும்முரமாக நடந்த நேரம். நான் தஞ்சாவூரில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். நன்னிலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த பதினோரு பேர் ராணுவத்தின் ரிசர்வ் படையில் இருந்தார்கள். வருடத்தில் இரண்டு மாதம் முகாம், மீதி நாள் வயல் வேலை. அவர்களுடைய உடல்நலம், பழக்கவழக்கங்கள் பற்றிக் கேட்டு எழுதி வருவது என் படிப்புக்கான வேலை.

பத்து வீடு முடிந்தபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒருவருக்கும் பீடி இல்லை, சாராயம் இல்லை. எல்லோரும் விடிகாலையில் இரண்டு மைல் ஓடுகிறார்கள். ஒருவர் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே, அந்தப் பழக்கமே கிடையாது என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்ட புத்திசாலி நான்.

பதினோராவது வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய், கைலிக்கு மேல் ராணுவச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து விறைப்பாக நின்றார். அவரும் தினம் இரண்டு மைல் ஓடுகிறாராம். வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"எந்த வரப்புல ஓடுனாருன்னு கேளுங்கம்மா. நாத்துக்கட்டத் தூக்கிக்கிட்டு வாய்க்காக் கரை ஏறுறதுக்குள்ள நாலு தடவ நிக்கிறாரு, மூச்சு வாங்கி."

அவர் முறைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகாமில் காகிதமும் பேனாவுமாக யார் கேள்வி கேட்டாலும் அது மெடிக்கல் சோதனை. என்னையும் அப்படி நினைத்து, முதல் வீட்டுக்காரர் மற்ற பத்துப் பேருக்கும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது என் படிப்புக்கு மட்டும்தான், யார் பெயரும் எழுதுவதில்லை என்று சொல்லிப் படிவத்தை நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"நெஞ்சு அடைக்குதுன்னு தெரிஞ்சா படையிலேருந்து பேர எடுத்துருவாங்கம்மா. இந்தச் சட்டை இருக்கறதாலதான் பண்ணை வீட்டுல என்னைய 'வாங்க'ங்கறாங்க. அது போச்சுன்னா பழையபடி 'டேய்'தான்."

கையிலிருந்த பத்து வீட்டுப் பதில்களைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவர் மனைவியும் நானுமாக அவரை வற்புறுத்தித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். ரத்தக் கொதிப்பு. நல்ல வேளையாக வந்தீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை, கருவாட்டுக்குத் தடை, கொஞ்ச நாள் ஓய்வு. அடுத்த முகாமின் மெடிக்கலில் அவர் தேறிவிட்டார். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மற்ற வீடுகளுக்கும் மறுபடி போனேன். பெயர் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொன்னதும் பீடி, சாராயம் எல்லாம் வெளியே வந்தன. ஒருவர்கூட ஓடவில்லை. மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது; ஆனாலும் மனம் நிறைந்திருந்தது.

இன்றைக்கும் யாரையாவது நலம் விசாரித்து, "நல்லா இருக்கேங்க" என்று சட்டென்று பதில் வந்தால், அந்தப் பதிலால் அவர் எதைக் காப்பாற்றிக்கொள்கிறாரோ என்று ஒரு நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.