உள்ளே இருப்பவருக்குப் பொட்டு வைக்கவில்லை

நஞ்சுண்டண்ணனை நான் முதலில் பார்த்தது சூலூரில், ஒரு கோழித் தீவன மில்லின் அலுவலகத்தில். செத்துப்போன கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மில்லின் பில் எல்லாம் கறுப்புத் திரையில் ஓடும் ஒரு பழைய மென்பொருளில்தான். அவர் விரல்களுக்கு அது மட்டும்தான் பழக்கம். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலோ அது ஏற மறுத்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என் கம்ப்யூட்டர் சர்வீஸ் விசிட்டிங் கார்டில் பி.எஸ்சி. என்று பெரிதாகவே போட்டிருந்தேன். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்கள்.

புதியதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைத்தேன். அதாவது, திரையில் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள் முழுசாக ஒரு பழைய கம்ப்யூட்டர். மென்பொருள் அதில் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. நஞ்சுண்டண்ணன் அதை வாடகைக்குக் குடிவந்தவராகவே எடுத்துக்கொண்டார். காலையில் விசாரித்தால், "உள்ள இருக்கறவரு எந்திரிச்சுட்டாருங்க தம்பி" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி கோபாலசாமியின் கட்டுப்பாடு என்னவென்றால், பொட்டு வைத்த எந்த மெஷினையும் மறுநாள் காலை வரை தொடக்கூடாது. பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் நஞ்சுண்டண்ணனுக்கு ஞாபகம் வந்தது: வாசலில் நிற்கும் தீவன லாரிக்கு அவர் பில் போடவில்லை. துடியலூர்ப் பண்ணையில் கோழிகள் பட்டினி. பில் இல்லாமல் லாரி ரோட்டில் ஏற முடியாது. எனக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க தம்பி, பொட்டு வெளிய இருக்கறதுக்குத்தானே வெச்சோம்? உள்ள இருக்கறவருக்கு வெக்கலீங்களே. அவரு வேலை செய்யலாமுங்களா?"

நான் படித்த பாடத்தில் இது இல்லை. அவரை எழுப்ப வெளியே இருக்கும் கீபோர்டைத் தட்டித்தானே ஆகவேண்டும் என்றேன். நியாயந்தான் என்று பெருமூச்சு விட்டார். அப்போது தோன்றியது: பூஜைக்குச் சற்று முன்னால்தான் மில்லுக்குப் போய் உள்ளே இருப்பவரை அப்படியே என் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

பையைத் திறந்தால், லேப்டாப் மூடியில் சந்தனமும் குங்குமமும். வீடு திரும்பி நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா வைத்திருக்கிறாள். நஞ்சுண்டண்ணன் முகம் தொங்கிப்போனது. பூஜை போட்டவர்தான் சொல்லவேண்டும் என்று என் போனிலேயே அம்மாவை அழைத்து, தொடலாமா என்று பயபக்தியோடு கேட்டார்.

"பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வெச்சுப்போட்டுப் பால் பீச்சாமயா உடறோம்?" என்றாள் அம்மா. "கோழிக்குத் தீனி போடச் சொல்லுங்க."

அப்படியானால் அலுவலகக் கம்ப்யூட்டரையே தட்டலாமே என்றேன். "அது உங்க ஊட்டுச் சட்டமுங்க. இது மில்லு" என்று சொல்லி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். பில் டிரைவரின் போனுக்குப் போனது. லாரி கிளம்பியது.

மறுநாள் காலை பண்ணைக்காரர் நன்றி சொல்லி அழைத்தபோது முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. நேராக வந்து கீபோர்டை உற்றுப் பார்த்தார். பொட்டு கலையவில்லை. அவருக்கு வேறு கேள்வி எதுவும் தோன்றவில்லை. நானும், முந்தின நாள் பில் கணக்கில் விட்டுப்போகாமல் இருக்க, சத்தமில்லாமல் லேப்டாப் பிரதியை அலுவலகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு வந்தேன்.

நஞ்சுண்டண்ணன் இன்றும் அந்த மில்லில்தான் பில் போடுகிறார், அதே கறுப்புத் திரையில்.