பூஜை போட்ட காரும் பூட்டிக்கிட்ட பிள்ளையும்

போன வருஷம், சித்திரைப் புத்தாண்டு முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கோயில் வாசல். நான் இருக்கிறது கிள்ளான்ல. பக்கத்து வீட்டுத் தம்பி புதுக் கார் எடுத்திருந்தாரு, பூஜை போட என்னையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவங்க ரெண்டு வயசுப் பையனைப் பகல்ல நான்தான் பார்த்துக்கிறேன். அவங்கம்மா வேலைக்குப் போற பொண்ணு, காலையில என் கையில குடுத்துட்டுப் போனா சாயங்காலம்தான் வருவா. அதனால அவன் எனக்குப் பாதிப் பிள்ளை மாதிரி.

கிள்ளான்ல இல்லாத கோயிலா? ஆனா தம்பியோட அண்ணன் பிரிக்பீல்ட்ஸ்ல குடியிருக்காரு. அங்கதான் போடணும்னு அவர் சொல்லிட்டாரு. அந்த வீட்டுல அவர் வெச்சதுதான் சட்டம்.

பூஜை நல்லாத்தான் நடந்துச்சு. முன்பக்கம் சந்தனம், குங்குமம், பெரிய மாலை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, பூசணிக்காயும் ஒடைச்சாச்சு. அப்புறம் ஆரம்பிச்சது நம்ம ஆளுங்களோட வழக்கமான கூத்து, போட்டோ. பையனுக்குப் பட்டு ஜிப்பா, கழுத்து வரைக்கும் பட்டன். அவனை டிரைவர் சீட்ல உக்கார வெச்சு, சாமிகிட்ட வெச்சு எடுத்த சாவியை அவன் கையில குடுத்தாங்க. படத்துல கார் முழுசா தெரியணும்னு கதவையும் சாத்தினாங்க. இஞ்சின் ஓடல, ஜன்னல் எல்லாம் ஏத்தி இருந்துச்சு.

டக்குனு ஒரு சத்தம். பின்னால பார்க்கிற பக்கவாட்டுக் கண்ணாடி ரெண்டும் தானா மடங்கிக்கிச்சு. பிள்ளை சாவியில இருக்கிற பூட்டுற பட்டனை அமுக்கிட்டான்.

எல்லாரும் சிரிச்சாங்க. "பாருலா, இப்பவே ஓனர் ஆயிட்டான்!"னு அண்ணன்காரர் கை தட்டினாரு. தம்பி கதவை இழுத்துப் பார்த்தாரு, வரல. "திருப்பி அமுக்குடா கண்ணு"ன்னு கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னாரு. அவனுக்கு என்ன தெரியும்? வெளிய இத்தனை பேர் கத்துறதைப் பார்த்து மிரண்டு போயி, சாவியைத் தூக்கி எறிஞ்சுட்டு அழ ஆரம்பிச்சான். சாவி சீட்டுக்குக் கீழ போயிருச்சு.

இன்னொரு சாவி கிள்ளான்ல, வீட்டு அலமாரியில. அவங்க வீட்டுச் சாவி எங்ககிட்ட ஒண்ணு இருக்கும். உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மனுஷன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. ஆனா எப்படிப் பறந்து வந்தாலும் முக்கா மணி நேரமாவது ஆகும்னு எனக்குத் தெரியும். மணி பன்னெண்டு இருக்கும். கார் நிக்கிறது நடு வெயில்ல. நிழல்ல நின்ன எங்களுக்கே வேர்த்து ஊத்துச்சு.

"தம்பி, கண்ணாடியை ஒடைங்க"ன்னேன்.

தம்பி அண்ணன் மூஞ்சியைப் பார்த்தாரு. அண்ணன்காரருக்குக் கோபம் வந்துருச்சு. "என்னக்கா பேசுறீங்க? இப்பத்தான் பூஜை போட்டிருக்கு. இன்னைக்கே ஒடைச்சா அந்த வண்டி விளங்குமா? அதான் சாவி வந்துக்கிட்டு இருக்குல்ல!"

சுத்தி நின்னவங்க ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் பூட்டுக்காரனுக்குப் போன் போடுறாரு, ஒருத்தர் கம்பியை வளைச்சு ஜன்னல் இடுக்குல விடுறாரு, இன்னொரு புண்ணியவான் வீடியோ எடுக்கிறாரு. அவசரத்துக்கு 999 கூப்பிடணும்னு ஒரு ஆளுக்கும் தோணல. நான்தான் பக்கத்துல நின்ன பொண்ணைப் பிடிச்சு, "தீயணைக்கிற பொம்பா, அம்புலன்ஸ் ரெண்டும் வேணும்னு சொல்லும்மா"ன்னு போட வெச்சேன். அதுக்குள்ளேயே ரொம்ப நேரம் போயிருச்சு.

உள்ள பிள்ளை கத்திக் கத்தி மூஞ்சி செக்கச் செவேல்னு ஆயிருச்சு. அப்புறம் அழுகை மெதுவா நின்னுச்சு. தலை ஒரு பக்கம் சாஞ்சுக்கிச்சு.

"பாருங்க, சமாதானமாயிட்டான். தூங்குறான்"னு அண்ணன்காரர் சொன்னாரு.

நான் ஜன்னல்ல மூஞ்சியை வெச்சுப் பார்த்தேன். அவன் தூங்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினமும் என் மடியில தூங்குற பிள்ளை அவன். வாய் திறந்து கிடக்கு, கண்ணு பாதி மூடியிருக்கு. "அது தூக்கம் இல்லடா பாவி!"ன்னு கத்திக்கிட்டே ரோட்டுக்கு ஓடினேன். எதிர்க்கடையில சாமான் இறக்கிக்கிட்டு ஒரு லோரி நின்னுச்சு. "பாஸ், இரும்பு ஏதாவது குடுங்க பாஸ், உள்ள பிள்ளை மாட்டிக்கிச்சு"ன்னேன். டிரைவர் டயர் கழட்டுற ஸ்பேனரை எடுத்துக் குடுத்தாரு.

அண்ணன்காரர் குறுக்க வந்தாரு. அதுவரைக்கும் கண்ணாடியை அறைஞ்சுக்கிட்டு இருந்த அந்தப் பொண்ணு, பிள்ளையைப் பெத்தவ, அவர் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினா. "நீங்க ஒடைங்கக்கா!"ன்னு அலறினா.

பிள்ளைக்குத் தூரமா, பின்பக்கம் இடது ஜன்னல்ல ஓங்கி அடிச்சேன். முதல் அடி வழுக்கிருச்சு. ரெண்டாவது அடியை ஓரத்துல போட்டேன், மொத்தமும் பொலபொலன்னு கொட்டிருச்சு. உள்ளயிருந்து அடிச்ச அனல் இருக்கே, அடுப்பைத் திறந்த மாதிரி. தம்பி கையை விட்டுக் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கினாரு. உடம்பு கொதிக்குது. வேர்வையே இல்ல, காஞ்சு கிடக்கு. நிழல்ல படுக்க வெச்சு ஜிப்பாவைக் கிழிச்சு எடுத்தேன். என் சேலைத் தலைப்பை நனைச்சு உடம்பெல்லாம் துடைச்சுத் துடைச்சு விசிறினோம். யாரோ ஒருத்தர் வாயில தண்ணி ஊத்த வந்தாரு. நினைவில்லாத பிள்ளைக்குப் புரை ஏறிடும்னு தடுத்துட்டேன். அப்பத்தான் வலிப்பு வந்துச்சு. என் கையிலேயே வெட்டி வெட்டி இழுத்தான்.

அம்புலன்ஸ்ல போயி, நேரா ஐசியூ. என் வீட்டுக்காரர் சாவியோட வந்து சேர்ந்தப்போ, கோயில் வாசல்ல காரும் கண்ணாடித் தூளும்தான் கிடந்துச்சாம்.

ஆஸ்பத்திரி வராண்டாவுல அண்ணன்காரர் யார்கிட்டயோ போன்ல, "பூஜை போட்ட வண்டி கண்ணாடியை ஒடைச்சாங்க, அதான் இப்படி ஆயிருச்சு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. வாய்க்கு வந்தபடி கேட்டுட்டேன். நர்ஸ் வந்து என்னை வெளிய போகச் சொன்னாங்க. போனேன். ஆனா கேட்டதுக்காக இன்னைக்கு வரைக்கும் வருத்தப்படல.

பிள்ளை பொழைச்சுட்டான். ஆனா வலிப்பு விடல, காலையும் ராத்திரியும் மருந்து. இடது கால் சரியா ஊன்றதில்ல. சரியாகலாம், ஆகாமலும் போகலாம்ங்கிறாரு டாக்டர். கார் ஜன்னலுக்கு அந்த வாரமே புதுக் கண்ணாடி போட்டுட்டாங்க. பார்த்தா எது ஒடைஞ்சதுன்னே தெரியாது.

இப்பவும் காலையில என்கிட்டதான் விட்டுட்டுப் போறாங்க. கார் சாவியைச் சின்னப் பிள்ளைங்க கையில யாராவது விளையாடக் குடுத்தா, தெரியாதவங்களா இருந்தாலும் போயிப் பிடுங்கி வெச்சுடுவேன். திட்டுறாங்க, திட்டிட்டுப் போகட்டும். காலை இழுத்து இழுத்து அவன் என்கிட்ட நடந்து வர்றப்ப எல்லாம், ஒரு கண்ணாடிக்கு நல்லது கெட்டது பார்த்துக்கிட்டு நாங்க அத்தனை பேரும் நின்ன அந்த நேரத்தை நினைச்சு எனக்கு இன்னமும் வயிறு எரியுது.