தீவில் வந்த பௌர்ணமி

எங்கள் ஊரில் அறுபது நிறைந்தவர்கள் திருக்கடையூர் போய், பெண்டாட்டிக்கு இன்னொரு தடவை தாலி கட்டிவிட்டு வருவார்கள். எங்கள் பெரியப்பா அந்தமான் போனார். அது பெரியம்மாவின் ஏற்பாடு.

“இந்த வயசுல மாலையும் கழுத்துமா நின்னு போட்டோ புடிச்சுக்கணுமா? அதுக்குப் பதிலு என் தம்பி மூஞ்சிய ஒரு தபா காட்டுங்க, போதும்” என்று சொல்லிவிட்டாள். அவள் தம்பிக்குப் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலை. ஊர்ப்பக்கம் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அவர் தீவு மாமா.

பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகளான என்னைத்தான் மடியில் வைத்து வளர்த்தார்கள். நான்காம் வகுப்பு முடிந்த கோடை லீவில் என்னையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். கடல் என்ற ஒன்றை எனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். இன்றைக்கும் விளக்கேற்றும்போது அந்த இருவரையும் நினைக்காமல் நான் கைகூப்புவதில்லை.

தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பெரியப்பா, பதினெட்டு வருடமாக ஒரு பௌர்ணமி தவறாமல் எங்கள் ஊர் அண்ணாமலையார் மலையைச் சுற்றி வந்தவர். ஜுரத்தோடு போயிருக்கிறார். கொட்டும் மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் அவள் கூடப் போனதே இல்லை. அவர் திரும்பி வரும்போது காலுக்கு ஊற்ற வெந்நீர் மட்டும் தயாராக இருக்கும். பௌர்ணமிக்கு முன்பே ஊர் திரும்பிவிடலாம் என்று காலண்டரை நாலு தரம் பார்த்த பிறகுதான் அவர் பெட்டியையே கட்டினார்.

பிறந்தநாள் அமர்க்களமாக நடந்தது. மாமா வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார், பெரியம்மா தேங்காய்ப்பால் பாயசம் வைத்தாள், நான் கடலை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடி வாங்கினேன். கிளம்ப வேண்டிய அன்று, கடலில் புயல் என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். இன்று போகும், நாளை போகும் என்று நாள் தள்ளிக்கொண்டே போய், பௌர்ணமியன்று காலையிலும் நாங்கள் தீவில்தான் இருந்தோம்.

பெரியப்பா அன்று பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மாமா, அண்ணாமலையாரு அட்டெண்டன்ஸ் எடுக்கறாரா? ஒரு நாள் லீவு போட்டா பேரை அடிச்சுடுவாரா?” என்றார் தீவு மாமா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் மழை விட்டு வானம் வெளுத்தது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கடலோரம் போனாள். காய்ந்த மணல் நிற்காது என்று ஈரமணல் உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மலை பிடித்தாள். நான் அஷ்ட லிங்கத்துக்கு எட்டுச் சிப்பி பொறுக்கி வைத்தேன். பெரியப்பாவைக் கூட்டி வந்தோம். அவர் பார்த்ததும் சொன்னது இதுதான்:

“இந்தப் பக்கம் இவ்ளோ சரிவு இருக்காதே.”

“உங்க கடையில இருந்து பார்த்தா இருக்காது. எங்க அம்மா வூடு செங்கம் ரோட்டுல. அங்கேருந்து பார்த்தா இப்படித்தான்.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவரவர் மலையைத் தட்டிச் சரிசெய்தார்கள்.

அந்தத் தீவில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நிலா கிளம்பியதும் பெரியப்பா கற்பூரம் ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தார். நூற்றெட்டுச் சுற்று என்று வேண்டுதல். எண்ணும் வேலை எனக்கு. நாற்பத்தொன்று சொன்னபோது ஓர் அலை வந்து நான்கு லிங்கத்தைக் கொண்டுபோனது. அடுத்தது மலையின் பாதியைத் தின்றது. நான் கத்திக்கொண்டே மணலை அள்ளி அள்ளிப் போட்டேன். மூன்றாவது அலையில் மலை இருந்த இடம் வழித்துவிட்டதுபோல் ஆனது.

வேலை முடிந்து வந்த தீவு மாமா, விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பௌர்ணமின்னா கடல் ஜாஸ்தியா ஏறும்னு கூடவா தெரியாது? கடலையே பார்க்காத ஊர்க்காரங்கன்னா சரியாத்தான் இருக்கீங்க!”

முழங்கால் தண்ணீரில் பெரியப்பா அப்படியே நின்றார். “அவ்ளோதான். அவனுக்கே இஷ்டம் இல்ல” என்றார்.

பெரியம்மா மேட்டில் காய்ந்த மணலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். “மீதியை என்னைச் சுத்துங்க” என்றாள்.

“உன்னையா?”

“பாதி உடம்பை அம்மாவுக்குக் கொடுத்தவருதானே உங்க சாமி? அந்தப் பாதின்னு நெனச்சுக்குங்க. கால் வலிக்குது, சீக்கிரம் ஆவட்டும்.”

“அக்கா, உனக்குக் கொழுப்பு கம்மி இல்ல!” என்று மாமா மணலில் விழுந்து புரண்டார். நானும் சிரித்தேன். பெரியப்பா கொஞ்ச நேரம் நிலாவைப் பார்த்தார். பிறகு கைகூப்பி, “எத்தினிம்மா விட்டோம்?” என்று என்னைக் கேட்டார். நாற்பத்தொன்று என்றேன்.

நாற்பத்திரண்டிலிருந்து சுற்றினார். முதலில் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஐம்பது தாண்டியதும் சிரிப்பு நின்றது. நீட்டிய காலை மடக்கி, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். தீவு மாமா எப்போது எழுந்தார் என்று தெரியாது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். நூற்றெட்டையும் நான் எண்ணி முடித்தேன்.

ஊர் வந்து சேர்ந்ததும், மலை சுற்றும்போது கூட நடப்பவர்கள் கடைக்கு வந்து கேட்டார்கள்: “இன்னாண்ணே, போன பௌர்ணமி ஆளைக் காணோம்? வுட்டுட்டியா?”

“எங்க வுட்டேன்? முழுசாச் சுத்திட்டுத்தான் வந்தேன்” என்றார் பெரியப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரியப்பா பொய் சொல்கிறார், பெரியம்மாவைத்தான் சுற்றினார் என்று தெரு முழுக்கச் சொன்னேன். ஆண்கள் கேலி செய்தார்கள். பெரியப்பா கடையில் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடையில் பேசுவது காதில் விழும் தூரத்தில்தான் வீடு; உள்ளே போனேன். அடுப்படியில் பெரியம்மா அழுதுகொண்டிருந்தாள். பெரியப்பா பொய் சொன்னதால் அவமானப்பட்டு அழுகிறாள் என்று நினைத்து, இனிமேல் அவரைப் பொய் சொல்ல விடமாட்டேன் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.